மொழிக்கு ஓர் அறையா, நாட்டுக்கு ஓர் அறையா?

ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றில் ஐம்பது பேர் இருக்கும்வரை பிரச்சினையே கிடையாது. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். பின்லாந்துக்காரரின் ஆங்கிலமும் பிரேசில்காரரின் ஆங்கிலமும் அங்கங்கே தடுக்கும், ஆனாலும் நிரல் புரிந்துவிடும். ஐயாயிரம் பேர் ஆனதும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அப்போது புதிதாக உள்ளே வருகிறவர் நிரல் எழுத வருவதில்லை. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கேட்க வருகிறார். ஆங்கிலத்தில் கேட்க அவருக்குக் கூச்சம். கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டுக் கேட்காமலே போய்விடுவார். இப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. வாயைத் திறந்திருந்தால்தானே கணக்கில் ஏற!

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, கூடத்தைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்துவிடலாம் என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். சண்டை வருவது, தடுப்பை எங்கே வைப்பது என்பதில். மொழிவாரியாகவா, நாடுவாரியாகவா? மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜப்பானில் ஜப்பானியம், ஹங்கேரியில் ஹங்கேரியம். டோக்கியோவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு கேள்வியாகவே படாது. நான்கு நாடுகளில் பேசப்படும் மொழியோ, இருபது மொழிகள் பேசும் நாடோ வாய்த்தவர்களுக்குத்தான் தலைவலி.

பெரிய திட்டங்கள் இரண்டு வழியிலும் போயிருக்கின்றன. 1993இல் தொடங்கிய டெபியன், பயனர் உதவிக் குழுக்களுக்கு மொழியின் பெயரை வைத்தது. ஸ்பானியத்துக்கு ஒரே குழு; மாட்ரிட்காரரும் மெக்சிகோக்காரரும் ஒரே இடத்தில்தான் கேட்க வேண்டும். 2004இல் வந்த உபுண்டு, ‘லோகோ’ என்று உள்ளூர்ச் சமூகங்களை அமைத்தபோது பெரும்பாலும் நாட்டுக்கு ஒன்று என்று போனது. அமெரிக்காவுக்கு மட்டும் மாநிலத்துக்கு ஒன்று. (அமெரிக்கா பெரிய நாடாம். இந்தியா என்ன, அடக்கமான கிராமமா?)

இந்தக் குழப்பத்தின் வேர் கணினிக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ‘லொகேல்’ என்று ஒன்று உண்டு. பயனர் எந்த மொழிக்காரர், எந்த ஊர் வழக்கத்துக்காரர் என்று கணினிக்குச் சொல்லும் சீட்டு அது. முதலில் மொழியின் குறியீடு, அப்புறம் ஓர் அடிக்கோடு, அப்புறம் நாட்டின் குறியீடு. தமிழுக்கு ‘டிஏ’. இந்தியாவுக்கு ‘ஐஎன்’, இலங்கைக்கு ‘எல்கே’. மொழிக்குறியீடு ஐஎஸ்ஓ 639 பட்டியலிலிருந்தும் நாட்டுக்குறியீடு ஐஎஸ்ஓ 3166 பட்டியலிலிருந்தும் வருகின்றன. இரண்டையும் ஒட்டவைத்த ஏற்பாடு எதற்காக என்று பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. ஜெர்மன் ஒரே மொழிதான், ஆனால் ஆஸ்திரியாவில் ஜனவரி மாதத்தை ‘யென்னர்’ என்பார்கள், ஜெர்மனியில் ‘யானுவார்’. நாணயமும் தேதி எழுதும் முறையும்கூட நாட்டுக்கு நாடு மாறலாம். தமிழிலேயே, மதுரையில் பத்து லட்சத்தை 10,00,000 என்று காற்புள்ளி போட்டு எழுதுகிறவர் சிங்கப்பூர் போனால் 1,000,000 என்றுதான் பார்ப்பார்.

அதாவது இந்தச் சீட்டு தேதிக்கும் காசுக்கும் காற்புள்ளிக்கும் எழுதப்பட்டது. மனிதர்களைப் பிரிக்க எழுதப்பட்டதல்ல. ஆனால் சீட்டு தயாராகக் கையில் இருந்ததால், மொழிபெயர்ப்புக் குழுக்களையும் அதே அச்சில் வார்த்துவிட்டார்கள். நாட்டுக்குறியீடு ஒட்டிய இடத்திலெல்லாம் ஒரு தனிக் குழு முளைக்க வழி திறந்துகொண்டது.

முளைத்தது எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. போர்ச்சுகீசியத்தை எடுத்துக்கொள்ளலாம். கோப்புக்கு பிரேசிலில் ‘அர்கீவு’, போர்ச்சுகலில் ‘ஃபிஷெய்ரு’. திரைக்கு அங்கே ‘டெலா’, இங்கே ‘எக்ரா’. பயனருக்கும் சேமிப்பதற்கும்கூட வேறு வேறு சொற்கள். மவுஸை பிரேசில்காரர்கள் மவுஸ் என்றே வைத்துக்கொண்டார்கள். போர்ச்சுகல்காரர்கள் தங்கள் மொழியில் எலிக்கு உள்ள சொல்லையே அதற்கும் வைத்தார்கள். ஒரு மென்பொருளின் மெனுவில் அடிக்கடி கண்ணில் படுவதே இந்த ஐந்தாறு சொற்கள்தான். அவை எல்லாமே மாறினால், ஒருவருடைய மெனு இன்னொருவருக்கு அந்நியமாகத்தான் தெரியும். அதனால் க்னோம், கேடிஈ, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் போர்ச்சுகீசியம் இரண்டு. (ஒரு சொல்லில் மட்டும் இருவரும் ஒற்றுமை. விண்டோவுக்கு ‘ஜனேலா’. நம்மூர் வீடுகளின் ஜன்னலும் அதே சொல்தான், கப்பலேறி வந்தது.)

சரி, அப்படியானால் ஸ்பானியத்துக்கு? கணினி என்ற சொல்லே ஸ்பெயினில் ‘ஓர்தெனதோர்’, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘கொம்புத்தாதோரா’. அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கே வேறு சொல், அதற்கேற்ப வினைச்சொல்லின் வடிவமும் மாறும். இருந்தும் டெபியனிலும் க்னோமிலும் ஸ்பானியம் ஒன்றுதான். ஃபயர்ஃபாக்ஸிலோ நான்கு: ஸ்பெயின், அர்ஜென்டினா, சிலி, மெக்சிகோ. ஒரே மொழி, ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் நான்கு! இலக்கணத்தில் தேடினால் இதற்கு விடை கிடைக்காது. எந்த நாட்டில் வேலை செய்ய ஆள் திரண்டார்களோ, அந்த நாட்டின் பெயரில் ஓர் அறை திறந்தது. பெருவிலோ கொலம்பியாவிலோ பேசுவதும் அதே அளவு வேறுபட்ட ஸ்பானியம்தான். அங்கே அறை இல்லை, அவ்வளவே.

நாடு என்ற கோட்டுக்குத் தவிர்க்க முடியாத ஒரு வேலையும் உண்டு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஓப்பன் ஆபீஸ் பிரேசிலுக்குப் போனபோது, அந்தப் பெயரை அங்கே ஏற்கெனவே ஒரு நிறுவனம் வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருந்தது. பிரேசில் தன்னார்வலர்கள் 2000களின் நடுவில் பெயரையே ‘பிஆர்-ஆபீஸ்’ என்று மாற்றிக்கொண்டு தனிச் சங்கம் வைத்தார்கள். 2010இல் லிப்ரே ஆபீஸ் பிரிந்து வந்தபோது பெயர்ச்சிக்கலும் தீர்ந்தது. அடுத்த ஆண்டுக்குள் பிரேசிலிலும் அது லிப்ரே ஆபீஸ் ஆயிற்று. வழக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் நாடு வேண்டும். மெனுவுக்கு அது வேண்டுமா என்பது வேறு கேள்வி.

பிரிக்காமலே சமாளித்த கதை ஒன்று உண்டு, அது சீன விக்கிபீடியா. பெருநிலச் சீனாவில் எளிமையாக்கிய எழுத்து, தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய எழுத்து. எழுத்து மட்டுமா, சொல்லும் வேறு. மென்பொருளுக்கு பெய்ஜிங்கில் ‘ருவான்ஜியென்’, தைப்பேயில் ‘ருவான்டி’. மவுஸுக்கு இங்கே ‘எலிக்குறி’ என்று பொருள்படும் சொல், அங்கே ‘வழுக்கும் எலி’ என்று பொருள்படும் சொல். (மவுஸை வைத்தே ஒரு மொழிநூல் எழுதலாம் போலிருக்கிறது.) ஆரம்பத்தில் இரண்டு கலைக்களஞ்சியமாகப் பிரித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அரசியல் பகைக்கும் குறைவில்லை. கடைசியில் 2004-05 வாக்கில் ஒரு மாற்று ஏற்பாட்டைச் செய்தார்கள்: கட்டுரை ஒன்றே, எழுத்தையும் சொல்லையும் வாசகரின் இடத்துக்கு ஏற்ப நிரலே மாற்றிக் காட்டும். யார் எந்த வடிவத்தில் எழுதினாலும் மற்றவர் தம் வடிவத்தில் வாசிக்கலாம். அதற்கென்று ஒரு சொற்பட்டியலைப் பயனர்களே சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பதால், தியானன்மென் பற்றியோ தைவான் பற்றியோ ஒரு பக்கத்தார் மட்டும் உட்கார்ந்து எழுதிவிட முடிவதில்லை. சண்டை நடக்கிறது, நடக்கட்டும். சண்டை போட எதிராளி அதே அறையில் இருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

தைவான் என்றதும் ஒரு துணைக்கதை. ஐஎஸ்ஓ 3166 பட்டியலில் தைவானின் பெயர் ‘தைவான், சீனாவின் மாகாணம்’ என்றே இருக்கிறது. நாட்டைக் கேட்கும் எந்த மென்பொருளும் இந்தப் பட்டியலை அப்படியே இழுத்துவந்து காட்டினால் தைப்பேயில் ஒருவர் முகம் சுளிப்பார். அதனால் டெபியன் பராமரிக்கும் நாட்டுக்குறியீட்டுத் தொகுப்பில், அதிகாரப்பூர்வப் பெயருக்குப் பக்கத்தில் ‘வழக்குப் பெயர்’ என்று இன்னொரு கட்டம் வைத்து வெறும் ‘தைவான்’ என்று எழுதியிருக்கிறார்கள். நாட்டுக் கோட்டைத் தொட்டால் வெளியுறவுத்துறை வேலையும் சேர்ந்தே வரும் என்பதற்கு இது போதும்.

சீனர்கள் செய்ததற்கு நேர் எதிரான வழியில் போனது பழைய யுகோஸ்லாவியா. செர்பிய-குரோவேஷியம் என்று ஒரு காலத்தில் ஒரே மொழியாகப் பாடநூலில் இருந்தது, போருக்குப் பிறகு செர்பியம், குரோவேஷியம், போஸ்னியம் என்று ஆயிற்று. விக்கிபீடியாவும் அப்படியே பிரிந்தது; பழைய கூட்டுப்பெயரிலும் ஒன்று இருக்கிறது, ஆக நான்கு. ஒருவர் எழுதுவது மற்றவருக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் அறை தனி. விளைவு என்ன? 2021இல் விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, 2011 முதல் 2020 வரை குரோவேஷிய விக்கிபீடியா தீவிர தேசியவாதச் சாய்வுள்ள ஒரு சின்ன நிர்வாகிகள் கூட்டத்தின் பிடியில் இருந்தது என்று சொன்னது. இரண்டாம் உலகப்போர் கால வரலாறு திரிக்கப்பட்டது; கேள்வி கேட்டவர்கள் தடை செய்யப்பட்டார்கள். ஒரே மொழிச் சமூகத்தை நாட்டுப் பெயர்களில் வெட்டியதும் இதற்கு ஒரு காரணம் என்று அந்த அறிக்கை சுட்டியது. அறை சின்னதானால் வாசலில் நாலு பேர் நின்றால் போதும், அடைத்துவிடலாம். பெரிய கூடத்தில் அது நடக்காது என்றில்லை, ஆனால் நாலு பேர் போதாது.

இனி இந்தியா. நாட்டுக்கு ஓர் அறை என்றால் இந்தியாவுக்கும் ஓர் அறை. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் மட்டும் 22 மொழிகள். கோவைக்காரரும் கொல்கத்தாக்காரரும் அந்த அறையில் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள்? ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்பட்டவருக்காகத்தான் கூடத்தையே தடுத்தார்கள். தடுத்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தால் அங்கேயும் ஆங்கிலம்! வித்தியாசம், இப்போது பதில் சொல்லும் ஆட்கள் மட்டும் குறைவு. உபுண்டுவில் இந்தியாவுக்கு ஒரு குழு இருந்தும் தமிழுக்கென்று தனிக் குழு முளைத்தது தற்செயல் அல்ல.

இந்த இடத்தில் நகரத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு 1990களின் கடைசியிலிருந்தே உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம். எழுதுவது ஆங்கிலத்தில். சென்னையில் வேலை பார்க்கும் தெலுங்கர், மலையாளி, வடநாட்டவர் எல்லோரும் வந்து போக அது வசதி. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், “இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று கேட்க ஊர்தான் வேண்டும், மொழி அல்ல. ஆனால் பெரம்பலூரில் படிக்கும் பையனுக்கு அந்தச் சனிக்கிழமை எட்டாது, அந்த ஆங்கிலமும் எட்டாது. 2012 ஜனவரியில் ‘கணியம்’ மின்னிதழ் தமிழிலேயே லினக்ஸ் பாடங்களோடு தொடங்கியபோது, அது போய்ச் சேர்ந்தது அந்தப் பையனுக்குத்தான். ஊரால் கூடிய குழுவும் மொழியால் கூடிய இதழும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. ஒன்றை இன்னொன்றின் கிளை ஆக்கியிருந்தால் ஏதாவது ஒன்று காய்ந்திருக்கும்.

கேரளத்துக்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படலாம். ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்ற குழு 2000களின் தொடக்கத்திலிருந்து எழுத்துரு, உள்ளீட்டு முறை, மொழிபெயர்ப்பு எல்லாம் செய்துவருகிறது. மீரா, ரச்சனா, மஞ்சரி எழுத்துருக்களை வளர்த்துப் பராமரிப்பது அது. மொழியும் மாநிலமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்த அதிர்ஷ்டம் அவர்களுக்கு. பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுபோன மாநில அரசும் கூடவே வாய்த்தது. எங்கே தடுப்பு வைப்பது என்ற தலைவலி பெரிதாக இல்லை.

விக்கிமீடியாவின் ஏற்பாடு இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் தெளிவானது. கலைக்களஞ்சியம் மொழிக்கு ஒன்று. சங்கம் நாட்டுக்கு ஒன்று. எழுதுவது மொழியில், பணமும் பதிவும் நாட்டில். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவை முதலில் தூக்கி நிறுத்தியவர்களில் இலங்கைத் தமிழர்கள் முக்கியமானவர்கள். அதிலும் ஒருவர் வளைகுடா நாட்டில் இருந்துகொண்டு எழுதியவர். நாடுவாரியாகப் பிரித்திருந்தால் அவர் எந்த அறையில் உட்கார்ந்திருப்பார்? 2011இல் விக்கிமீடியா இந்தியா என்ற நாட்டுச் சங்கம் பதிவானது. 2019இல் அதன் அங்கீகாரம் போய்விட்டது. தமிழ், மலையாள, வங்காள விக்கிபீடியாக்களில் அன்றைக்கும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவை அந்தச் சங்கத்தின் கீழ் இருந்திருந்தால்?

இத்தனைக்கும் பிறகு தமிழுக்கு வந்தால், ஃபயர்ஃபாக்ஸில் ஒரு காலத்தில் தமிழ் இரண்டு இருந்தது. ‘டிஏ’ என்று ஒன்று, ‘டிஏ-எல்கே’ என்று இலங்கைக்கு ஒன்று. ஓர் உலாவியில் ஆயிரக்கணக்கான வாக்கியத் துண்டுகள் இருக்கும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவற்றில் நூற்றுக்கணக்கில் மாறும். இதைச் சம்பளமில்லாமல் செய்ய, எந்தச் சின்ன மொழியிலும் தொடர்ந்து நிற்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அந்தக் கைப்பிடி ஆட்களை இரண்டாகப் பிரித்து, “கோப்பு”, “தொகு”, “பார்வை” என்று ஒரே சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு தரம் தட்டச்சு செய்ய வைப்பதுபோல ஒரு விரயம் உண்டா?

ஆனால் பிரிந்தவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் தப்பு. கணினி என்று தமிழ்நாடு எழுதுவதை இலங்கையில் பலர் கணனி என்று எழுதுகிறார்கள். பதிவிறக்கம் அங்கே பெரும்பாலும் தரவிறக்கம். பேட்டரி பற்றறி, டொரண்டோ ரொறன்ரோ, ஜன்னல் யன்னல். தமிழ் என்று ஒரே அறை வைத்தால் ஆள்பலம் உள்ள தமிழ்நாட்டு வழக்கே ‘பொதுத்தமிழ்’ ஆகிவிடும், மற்றது ‘வட்டார வழக்கு’ என்று அடிக்குறிப்புக்குப் போய்விடும் என்ற சந்தேகம் வெறும் கற்பனை அல்ல. யாழ்ப்பாணத்தில் ‘ட’வுக்கும் ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் உள்ள ஒலிக்கணக்கு சென்னையில் பலருக்குத் தெரியவே தெரியாது; தெரியாததைப் பிழை என்று திருத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சில விஷயங்கள் உண்மையாகவே இடத்தோடு ஒட்டியவை. விசைப்பலகை அப்படி. தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99 அமைப்பை ஏற்றது. இலங்கையின் தரம் ரெங்கநாதன் விசைப்பலகை. பாமினியில் பழகிய கைகள் அங்கே இன்னும் ஏராளம். விரல் பழகியதை மாற்று என்று யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே ‘டிஏ-ஐஎன்’, ‘டிஏ-எல்கே’ என்று இரண்டு சீட்டு இருப்பது சரியே. கட்டலான் மொழிக்காரர்கள் இதைச் சாமர்த்தியமாகச் செய்தார்கள். ஸ்பெயின், அன்டோரா, பிரான்ஸ், இத்தாலி என்று அவர்களுக்கும் நான்கு நாட்டுச் சீட்டு உண்டு. மொழிபெயர்ப்போ அடிப்படையில் ஒன்று. வலென்சியா வழக்குக்கு அதன்மேல் ஒரு மாற்று வடிவம். 2005இல் ‘டாட் கேட்’ என்ற இணைய முகவரிப் பின்னொட்டையே வாங்கினார்கள், நாட்டுக்காக அல்ல, மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று சொல்லி.

‘டிஏ-எல்கே’ பிற்பாடு ஃபயர்ஃபாக்ஸ் வெளியீடுகளிலிருந்து மறைந்துவிட்டது. இப்போது அதில் தமிழ் ஒன்றுதான். ஆட்களைப் பொறுத்தவரை அது நல்லது. மட்டக்களப்பில் திறந்து பார்ப்பவருக்கு அவர் ஊர்ச்சொல் அதில் இல்லை என்பது நல்லதல்ல. சீனர்கள் வைத்திருக்கும் சொற்பட்டியல் போல ஒன்று இருந்தால், ஒரே மொழிபெயர்ப்பிலிருந்து இரண்டு வடிவத்தையும் எடுத்துவிடலாம். மெனுக்களில் புழங்கும் சொற்களில் இரு கரைக்கும் உண்மையிலேயே வேறுபடுபவை என்று எடுத்தால் பட்டியல் அப்படியொன்றும் நீளமாக இராது. சென்னையிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், சில மாலைகள். முதல் வரியில் கணினி – கணனி என்று எழுதித் தொடங்கலாம்.